முப்பத்தாறு ஆணிகளும் ஒரு ஜீப்பும்

2025 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. காலை 9.40. தூறல். குடை பிடித்தால் சிரிப்பார்கள், பிடிக்காவிட்டால் தும்மல் வரும் — அந்த அளவுத் தூறல்.

தாமல் ஏரிக்கரை மேட்டில் என் ஜீப் நின்றுவிட்டது.

நின்றது என்றால் மரியாதையாக நிற்கவில்லை. இரண்டு முறை இருமியது. கறுப்பாக ஒரு புகை விட்டது. பிறகு பின்பக்கமாக நகர ஆரம்பித்தது. பக்கத்து சீட்டில் என் மனைவி சரோஜா. நான் பிரேக்கின் மேல் ஏறியே நின்றுவிட்டேன். மேட்டின் மொத்த நீளம் நாற்பத்திரண்டு அடி. நாங்கள் ஏறியிருந்தது இருபத்து மூன்று.

ஏரி நிரம்பியிருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டது நான்தான். தள்ளுவதற்கு ஏழு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் வீடியோ எடுத்தார்கள். ஆக, ஐந்து பேர்.

"பெரியவரே, நியூட்ரல்ல போட்டுக்கினு ஏர்றீங்களா?" என்று கேட்டார் ஒருவர்.

சரோஜா இறங்கினாள். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மீதிப் பத்தொன்பது அடியை நடந்தே ஏறினாள். ஏரியைப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

"தண்ணி நல்லா இருக்குது. நான் பஸ்ல போறேன்."

போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் காபியோடு தீர்ப்பும் வந்தது. "காணும் பொங்கல் அன்னிக்கு இதே மேட்டுல, என்னை உக்கார வெச்சு, ஒரு ஆள் தள்ளாம ஏத்திக் காட்டுங்க. ஏறலைன்னா மறுநாள் காயலான் கடை. வாசல்ல எனக்கு இடம் வேணும்."

விரல் விட்டு எண்ணினேன். அறுபத்திரண்டு நாள்.

இந்த ஜீப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசாங்கத்தில் ஏரிகளை அளக்கும் வேலை எனக்கு. முப்பத்தொரு வருடம். கரையின் நீளம், மதகின் உயரம், தண்ணீரின் ஆழம் — இந்த மாவட்டத்தில் நான் அளக்காத ஏரி இருந்தால் அது எனக்குப் பிறகு வெட்டியதாக இருக்கும். என்னைச் சுமந்துகொண்டு போனது இந்த ஜீப். நான் ரிட்டயர் ஆவதற்கு நாலு வருடம் முன்பே அது ரிட்டயர் ஆகி ஏலத்துக்கு வந்தது. எடுத்துவிட்டேன். வேறு யாராவது எடுத்து அதில் கோழி ஏற்றுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அதைக் காயலான் கடைக்கா?

மறுநாளே ஓரிக்கை போகும் சாலையில் இருக்கும் ஷரீஃப் பாய் ஒர்க்ஷாப்புக்குப் போனேன். அறுபது வயதுக்காரர். காதில் எப்போதும் ஒரு பென்சில் — எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. ஜீப்பை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். அரை நிமிடம் கேட்டார். கையை ஆட்டி அணைக்கச் சொன்னார்.

"சார், இது இனிமே நடக்கும். ஓடாது. ஏறவே ஏறாது. இன்ஜினை மாத்திடுவோம்."

"வேற இன்ஜின் இதுல உட்காருமா?"

"நல்ல டீசல் இன்ஜின் ஒண்ணு, பழைய பிக்கப் வண்டியோடது, புதுப்பேட்டையில இருக்குது. அத்தப் போட்டா இது ஏரிக்கரை இன்னா, கோபுரமே ஏறும்."

"நான் கேட்டது, உட்காருமான்னு."

பானட்டைத் தூக்கினார். தலையைச் சாய்த்து ஒரு பார்வை. "உக்காரும் சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"பாத்தா தெரியுதே."

வாசகர்களே, லட்ச ரூபாய் சமாச்சாரத்தில் 'பாத்தா தெரியுது' என்று ஒருவர் சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வருமா? எனக்கு வரவில்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் கவலைகளை எழுதினேன். பதினேழு வந்தது. முதல் கவலை, ஆர்.சி. புத்தகம். இன்ஜினை மாற்றினால் அதில் இருக்கும் இன்ஜின் எண்ணும் மாற வேண்டும். அனுமதி கையில் வரும்வரை ஒரு போல்ட்டைக்கூடத் தொடக் கூடாது என்று ஷரீஃப் பாயிடம் கறாராகச் சொன்னேன். அனுமதியும் வந்தது; பாய் பழைய இன்ஜினைக் கழற்றிவிட்டு, ஜீப்பை இழுத்து வந்து என் வாசலில் நிறுத்தினார். இரண்டாவது கவலை, நீளம். அதுதான் என்னைத் தின்றது.

சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டிச் சாமான் கடைக்கு ஷரீஃப் பாயோடு போய் அந்த இன்ஜினைக் கடைக்காரரின் ஸ்டீல் டேப்பால் மூன்று தடவை அளந்தேன். ஃபேன் நுனி வரைக்கும் இருபத்தெட்டு அங்குலம். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் குறைந்தது ஓர் அங்குலமாவது இடைவெளி வேண்டும். அப்படியானால் ஜீப்புக்குள் இருபத்தொன்பது அங்குல இடம் வேண்டும். இருக்கிறதா?

வீட்டுக்கு வந்து அளக்கப் போனால், என் ஸ்டீல் டேப் அந்த இடுக்குக்குள் வளைகிறது. வளைந்த டேப் பொய் சொல்லும். இது நான் முப்பத்தொரு வருடம் ஊழியர்களிடம் சொன்ன வாக்கியம். நேரான கோல் வேண்டும்.

எதிர் வீட்டுக் கண்ணப்பன் தறி நெய்கிறவர். சொந்தத் தறி, பட்டு. அவர் வீட்டில் தறி ஓரமாக ஒரு தேக்குக் கோல் சாத்தியிருக்கும். மூன்றடிக் கோல். அங்குலத்துக்கு ஒன்றாகப் பித்தளை ஆணி அடித்தது. அவர் சாப்பிடப் போயிருந்தார். மகளிடம் சொல்லிவிட்டு எடுத்து வந்தேன்.

நான் எதையும் சோதிக்காமல் நம்புகிறவன் இல்லை. ஆணிகளை எண்ணினேன். முப்பத்தாறு. இன்னொரு தடவை எண்ணினேன். முப்பத்தாறுதான். மூன்றடி, முப்பத்தாறு அங்குலம். கச்சிதம்.

பானட்டைத் தூக்கி, ரேடியேட்டர் சட்டத்துக்கு மேலாகக் கோலை நீட்டி வைத்தேன். இருபத்தெட்டரை.

அரை அங்குலம் குறைகிறது.

சந்தேகத்துக்கு டி.வி. வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, அதே கோலால் அளந்து, முழு அளவில் ஓர் அட்டை இன்ஜின் செய்தேன். இரண்டு நாள் வேலை. அது ஹாலில் சோபா மேல் இருந்தது.

"இதுக்கும் இன்சூரன்ஸ் கட்டணுமா?" என்று கேட்டாள் சரோஜா.

அட்டை இன்ஜினை ஜீப்புக்குள் இறக்கினேன். ஃபேனுக்கு முன்னால் அரை அங்குலம்தான் மிச்சம். பார்த்தீர்களா? கோல் சொன்னதையே அட்டையும் சொல்கிறது. இரண்டு சாட்சி!

நோட்டை எடுத்துக்கொண்டு ஒர்க்ஷாப்புக்குப் போனேன். "பாய், அரை அங்குலம் பத்தாது. ரேடியேட்டர் நிற்கிற சட்டத்தை வெட்டி முன்னால தள்ளணும். அரை அங்குலம் போதும்தான், எதுக்கும் ஒரு அங்குலமா தள்ளிடுங்க."

"வெட்டவே தேவையில்ல சார். உக்காரும்."

"நான் அளந்திருக்கேன்."

"நான் பாத்திருக்கேன்."

"அறுபத்தோரு அளவு எடுத்திருக்கேன், பாய். கிராஃப் போட்டிருக்கேன்."

ஷரீஃப் பாய் கிராஃபை வாங்கினார். தலைகீழாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்தார். பிறகு காதிலிருந்து பென்சிலை எடுத்தார் — முதல் தடவையாக. என் நோட்டின் ஓரத்தில் 'வெட்டச் சொன்னது சார்' என்று எழுதி, என் பக்கம் நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்க சார். அப்புறம் வெட்டிக்கறேன்."

போட்டேன்.

வெட்டினார். செயின் பிளாக்கில் புது இன்ஜின் தொங்கி, ஆடி, உள்ளே இறங்கியது. பழைய கியர்பாக்ஸோடு அது சேருவதற்கு நடுவில் ஓர் இரும்புப் பிளேட், புது கிளட்ச், புது ஹோஸ்கள். ஜனவரி எட்டாம் தேதி ஸ்டார்ட் ஆனது. என்ன சத்தம், என்ன சுருதி! நான் அன்று பட்டியலில் பதினைந்து கவலைகளை அடித்தேன்.

மறுநாள் ஷரீஃப் பாயோடு தாமல் பக்கம் ஒரு சோதனை ஓட்டம். ஒன்பதாவது கிலோமீட்டரில் வெப்பமானியின் முள் நிமிர ஆரம்பித்தது. பதினொன்றில் சிவப்பு. பானட்டைத் திறந்தால், இட்லிச் சட்டியைத் திறந்தது போல ஆவி.

இன்னும் எட்டு நாள்தான்.

ஆறியதும் ஷரீஃப் பாய் ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கையை விட்டார். "சார், இங்க வாங்க. மூணு விரல் போவுது. ஃபேன் இங்க சுத்துது, ரேடியேட்டர் அடுத்த தெருவுல நிக்குது. காத்து எப்டி இழுக்கும்?"

டேப்பை வைத்தார். இரண்டு அங்குலத்துக்கும் மேலே. என் கணக்குப்படி ஒன்றரைதான் இருக்க வேண்டும்.

"உங்க டேப் தப்பு" என்றேன்.

"சரி சார்" என்றார். அந்த 'சரி சார்' இன்னும் என் காதில் இருக்கிறது.

வீடு திரும்பும் வழியில் ஹார்டுவேர் கடையில் நூற்றெண்பது ரூபாய்க்குப் புது டேப் ஒன்று வாங்கினேன். அதே இரண்டு அங்குலம். வீட்டுப் பழைய டேப்பும் அதையே சொன்னது. மூன்று டேப்பும் ஒரே தப்பைச் செய்யுமா? அப்போதுதான் கோலின் ஞாபகம் வந்தது. கோலைத் தரையில் கிடத்தி, பக்கத்தில் புது டேப்பை இழுத்தேன்.

முப்பத்தாறாவது ஆணி இருந்த இடம்... முப்பத்தாறே முக்கால் அங்குலம்.

கோலைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் பாய்ந்தேன். என்ன கலாட்டா என்று பார்க்கச் சரோஜாவும் பின்னாலேயே வந்தாள்.

"கண்ணப்பா, உன் கோல் தப்பு!"

கண்ணப்பன் தறியை நிறுத்தவில்லை. "இன்னாத்துக்குண்ணா தப்பு?"

"ஒரு அடிக்குக் கால் அங்குலம் கூட இருக்குது."

"இருக்கணுமே." இப்போது நிறுத்தினார். "தறியில பாவு நூல் வெறப்பா இழுத்துக் கட்டிக்கினு இருக்குதுண்ணா. இப்ப அளந்தா நீளமாக் காட்டும். அறுத்து இறக்கினா சுருங்கிடும். அதுக்குத்தான் கால் அங்குலம் சேத்து ஆணி அடிச்சிருக்கேன். எங்க நூலுக்கு, எங்க இழுப்புக்கு. நீங்க எத்த அளந்தீங்க?"

நான் ஆணிகளை மறுபடி எண்ண ஆரம்பித்தேன். சரோஜா சொன்னாள்.

"ஜீப்ப."

கண்ணப்பன் என்னைப் பார்த்தார், கோலைப் பார்த்தார். சிரிக்கக்கூடாது என்று அவர் பட்ட பாடு இருக்கிறதே... அவர் மகள் உள்ளே போய்ச் சிரித்தாள்.

"ஜீப்பு சுருங்காதுண்ணா."

இருபத்தெட்டரையைத் திருத்திக் கணக்குப் போட்டேன். இருபத்தொன்பது அங்குலத்துக்கும் ஒரு நூல் அளவு மேலே வந்தது. அதாவது, வெட்டாமலே இன்ஜின் உட்கார்ந்திருக்கும். ஷரீஃப் பாய் தலையைச் சாய்த்துப் பார்த்தாரே, அந்த ஒரு பார்வையில் இருந்த அளவு. அட்டை இன்ஜின் மட்டும் ஏன் என் பக்கம் சாட்சி சொன்னது? அதையும் அதே கோலால்தானே அளந்தேன். ஒரே சாட்சியை இரண்டு தடவை கூண்டில் ஏற்றிவிட்டு இரண்டு சாட்சி என்று குதித்திருக்கிறேன்.

இதற்குள் சரோஜா தறியில் இருந்த புடவையின் முந்தானையைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். நெய்து முடிக்க இன்னும் மூன்று நாள் வேலை பாக்கி.

"இது யாருக்கு?" என்றாள்.

"இன்னும் யாருக்கும் சொல்லலைக்கா."

எனக்கு ரேடியேட்டர் ஞாபகமாகவே இருந்தது. நான் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் ஒர்க்ஷாப்பில் உண்மையைச் சொன்னேன். ஷரீஃப் பாய் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். "ஏரி எல்லாம் எந்தக் கோல்ல சார் அளந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். வெட்டிய சட்டத்தை மறுபடி பழைய இடத்திலேயே வைத்து ஒட்டினார்.

காணும் பொங்கல். மழை இல்லை, நல்ல வெயில். ஏரிக்கரையில் கட்டுச் சோறும் கரும்புமாக ஊரே இருந்தது. வீடியோ எடுக்கும் கைகள் இந்தத் தடவை எத்தனை என்று எண்ண எனக்குத் தைரியம் வரவில்லை. சரோஜா அந்த மாம்பழ மஞ்சள் புடவையில், முந்தானையை மடியில் சுருட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அதைத் தறியிலிருந்து இறக்கியதும் நான்தான் ஸ்டீல் டேப்பால் அளந்தேன். தறியில் ஆறு கோல். இறக்கிய பிறகு, இருநூற்றுப் பதினாறு அங்குலம், மிகச் சரியாக ஆறு கஜம். கோல் மேல் ஒரு குற்றமும் இல்லை. என் ஜீப்தான் பட்டு இல்லை.

நாலு சக்கரமும் இழுக்கும்படி லீவரைப் போட்டேன். பத்தடி. இருபதடி. இருபத்து மூன்று — அந்த இடம். என் கண் முள்ளின் மேல். சரோஜாவின் கை என் கை மேல்... அன்பில் இல்லை, கியரைத் தப்பாகப் போட்டுவிடுவேனோ என்ற பயத்தில். ஜீப் இருமவில்லை. முப்பது. நாற்பது. நாற்பத்திரண்டு.

எதிரே ஏரி முழுக்க வெயில்.

கீழே ஷரீஃப் பாய் ஒரு கரும்பைத் தூக்கி ஆட்டினார். சரோஜா ஏரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முந்தானையைப் பிரித்து வண்டி மை எதுவும் படவில்லை என்று உறுதி செய்துகொண்டாள்.

"ஏறிடுச்சு" என்றாள். அப்புறம், "இறங்குமா?"

இறங்கியது. இப்போது வாசலில் நிற்கிறது.

என் நோட்டின் நாற்பதாம் பக்கத்தில் இருக்கும் மொத்தச் செலவு, ரூபாய் 1,71,680. இதில் வெட்டத் தேவையில்லாததை வெட்டி ஒட்டிய கூலி 6,200. புடவை 18,500. கோலுக்கு வாடகை வேண்டாம் என்று கண்ணப்பன் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.