இடம் மாறி நின்ற பஞ்சவர்ணம் மதினி

செய்தி வந்தபோது நான் பள்ளிக்கூடச் சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மதினியின் பக்கத்து வீட்டுப் பெண் போனில் கூப்பிட்டு, "ராக்கக்கா, ஒங்க மதினி கதவத் தொறக்கல. சன்னல் வழியாக் கூப்புட்டுப் பாத்தோம், எந்திரிக்கல" என்றாள். குழாய்த் தண்ணீர் அண்டா நிறைந்து என் காலில் வழிந்தது. அதை அடைக்கக்கூடத் தோன்றவில்லை.

உள்ளதைச் சொல்கிறேன், மாரியாத்தா சாட்சி. முதலில் எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. கடைசியாக அவரிடம் என்ன பேசினோம் என்ற பயம். எங்கள் இருவருக்கும் ஒன்பது மாதமாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. அது அவருடைய உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். யோசித்துப் பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலம் பேசியது முருங்கைக்கீரையைப் பற்றி.

"நாளைக்கு வரையில ரெண்டு கொப்பு ஒடிச்சிட்டு வா ராக்கு, பூச்சி இல்லாததாப் பாத்து" என்றார்.

"ஒங்களுக்குப் பூச்சி தேடுறதுக்குத்தான் நான் பொறந்தேனா மதினி?" என்றேன்.

"வேற என்ன வேலை ஒனக்கு?" என்றார். சிரித்துக்கொண்டே போனை வைத்தோம். அது நினைவுக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அப்புறம் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பஞ்சவர்ணம் அம்மாள் சாக்கோட்டைப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருபத்துநாலு வருஷம் சத்துணவு சமைத்தவர். நான் அவருக்கு உதவியாளராகப் போனவள். அவர் எனக்கு உறவு இல்லை. ஆனால் முதல் நாளே மதினி என்று கூப்பிட்டேன், அதுவே நிலைத்துவிட்டது. பதினாறாம் நாள் நினைவு மலரில் போடுவதற்கு அவருடைய மகன் செல்வம் என்னை எழுதச் சொன்னார். நான் எட்டாவது படித்தவள். பேசச் சொன்னால் விடிய விடியப் பேசுவேன், எழுதித்தான் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எங்களுக்குள் முட்டிக்கொண்டது. சோறு வடிக்கிற பெரிய அண்டாவை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் துணி போட்டுப் பிடித்துச் சாய்க்க வேண்டும். நான் சன்னல் பக்கம் சாய்க்கச் சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம்தான் சாய்க்க வேண்டும் என்றார்.

"இங்குட்டுச் சாய்ச்சா என்ன கொறஞ்சு போகுது? எங்க வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் நான்தான் வடிச்சிருக்கேன்" என்றேன்.

"ஒங்க வீட்டுக் கல்யாணத்துல எத்தன பேரு கால வேக வச்சீக?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நானும் ஏதோ திருப்பிச் சொன்னேன். நடுவில் கொதிக்கிற சோறு, இரண்டு பக்கமும் நாங்கள். திடீரென்று அவர், "கீழ வையி" என்றார். வைத்தோம். "நீ நிக்கிற எடத்துல நான் நிக்கிறேன். நீ இங்குட்டு வந்து நில்லு."

போய் நின்றேன். அவர் பக்கம் தரை சரிந்திருந்தது. நான் சொன்னபடி சாய்த்திருந்தால் கஞ்சி முழுவதும் அவர் பாதத்துக்குத்தான் ஓடியிருக்கும். என் இடத்தில் நின்ற அவரோ கண்ணைச் சுருக்கினார். சன்னல் வெயில் நேராக முகத்தில் அடித்தது.

"அடியாத்தி, ஒனக்கு ஒன்னுமே தெரியலையா இங்கிட்டு இருந்து? குருட்டாம்போக்குலயா இத்தன நாளாப் பிடிச்ச?" என்றார்.

அன்றைக்கு ஒரு பழைய சாக்கைச் சன்னலில் கட்டித் தொங்கவிட்டோம். சுவர்ப் பக்கமே வடித்தோம். மதியம் பாத்திரம் துலக்கும்போது அவர் சொன்னார்: "பேச்சுலயும் இப்புடிச் செஞ்சா என்ன? சண்டை வார மாதிரி இருந்தா எம்பக்கத்த நீ பேசு, ஒம்பக்கத்த நான் பேசுறேன்."

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தோம். நான் முதலில் கள்ளத்தனம் செய்தேன். அவர் பக்கத்தைப் பேசச் சொன்னால் அவரைப் போலவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு, குரலை இழுத்துப் பேசிக்காட்டுவேன்.

"இது எம்பக்கம் இல்ல, எம்மூஞ்சி. நான் கேட்டுட்டு, ஆமா இதான் நான் சொல்ல வந்ததுன்னு சொல்லணும். அதுவரைக்கும் நீ விடக்கூடாது" என்பார்.

அதுதான் கஷ்டம். அடுத்தவர் மனதுக்குள் போய் உட்கார்ந்து பார்த்தால்தான் அந்த வார்த்தை வரும்.

ஒரு பங்குனித் திருவிழாவின்போது நான் காப்புக் கட்டி விரதம் இருந்தேன். பத்து நாளைக்கு முட்டையைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மதினிக்கு முகம் மாறிவிட்டது. நூற்றிருபது பிள்ளைகளுக்கு முட்டை அவித்து உரிக்க வேண்டும். ஆள் நாங்கள் இரண்டே பேர். எனக்கு வாய் துடித்தது. சாமி விஷயத்தில் யார் தலையிட்டாலும் நான் விடுகிற ஆள் இல்லை. அவர் முந்திக்கொண்டு என் பக்கத்தைப் பேச ஆரம்பித்தார்.

"நான் ஊரு மெச்சணும்னு இந்த வெரதம் இருக்கல. எம்மகளுக்கு மொதப் பிள்ளை தங்கல. இப்பத்தான் மூணு மாசம். ஆத்தா காப்பாத்திக் குடுக்கணும்னு இருக்கேன். ஒரு சின்னத் தப்பு நடந்தாலும் என்னாலதான்னு ஆயிரும்னு கிடுகிடுன்னு வருது."

மகள் உண்டாகியிருப்பதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது என் முறை. நான் அவர் பக்கத்தைப் பேசினேன்.

"மூணாப்புல ஒரு பொட்டப்பிள்ளை மஞ்சக்கருவ மட்டும் எடுத்துக் கடைசீல திங்கணும்னு ஓரமா வச்சிருக்கும். அந்தத் தட்டுல முட்டை இல்லைன்னா அந்தப் பிள்ளை என்னையத்தான் நிமிந்து பாக்கும். நான் ஒருத்தியா எம்புட்டுத்தான் செய்ய?"

"ஆமா, இதான்" என்றார் மதினி.

அப்புறம் வழி தானாகக் கிடைத்தது. பத்து நாளும் முட்டை வேலை அவருடையது. காய் நறுக்குவது, சோறு, பாத்திரம் துலக்குவது எல்லாம் என்னுடையது. ஆனால் அவர் தம் கருத்தை விடவில்லை. "நீ முட்டையத் தொட்டிருந்தாலும் ஆத்தா ஒன்னும் சொல்லியிருக்க மாட்டா" என்று பல வருஷம் கழித்தும் சொன்னார். நானும் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். மகளுக்குப் பிறந்த பேரன் காதுகுத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றவரும் அவர்தான்.

இந்த வித்தையை நான் வீட்டுக்காரரிடமும் போய்ச் செய்து பார்த்தேன். "ஒம்பக்கம் எனக்கு முப்பது வருசமாத் தெரியும், சோத்தப் போடு" என்று சொல்லிவிட்டார். மதினியிடம் புலம்பியபோது, "இது எல்லார்ட்டயும் பலிக்காது ராக்கு. நீயும் வேணும், அவுகளும் வேணும்னு நெனைக்கிற எடத்துலதான் பலிக்கும். ரெண்டு பேரும் நெனைக்கணும்" என்றார்.

அவர் ஓய்வு பெற்று மூன்று வருஷம் கழித்து இருதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்று சொன்னார்கள். மதுரைக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்ளலாம், இந்த வயதில் கொஞ்சம் ஆபத்தும் உண்டு, செய்யாவிட்டாலும் ஆபத்து என்றார் டாக்டர். மதினி மாட்டேன் என்று சொல்லிவிட்டார். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் வந்து கெஞ்சிவிட்டுப் போனார். நான் குன்றக்குடி முருகனுக்கு நேர்ந்துகொண்டு, அன்றைக்குச் சண்டை போட்டாவது சம்மதிக்க வைப்பது என்றே அவர் வீட்டுக்குப் போனேன்.

"பக்கத்த மாத்து" என்றார், என் முகத்தைப் பார்த்தவுடன்.

"முடியாது மதினி. இது முட்டை உரிக்கிற விசயமில்ல."

"நீ மாத்தாட்டிப் போ, நான் பேசுறேன்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார். "நான் ராக்கு. எனக்குப் பயமா இருக்கு. நீங்க போயிட்டா நான் யார்ட்டப் பேசுவேன்? என் வாய அடக்க இந்த ஊர்ல வேற ஆளு யாரு இருக்கா? அதான் கோவமா வந்திருக்கேன். கோவமில்ல, பயம்."

நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பிறகு நான் அவர் பக்கத்தைப் பேசினேன்.

"நான் பஞ்சவர்ணம். எம் புருசன் ஆஸ்பத்திரியில இருவது நாளு கண்ணாடிக்கு அங்குட்டுக் கெடந்தாரு. நான் இங்குட்டு நின்னேன். கையப் பிடிக்க விடல, வாயில தண்ணி விட விடல. சாவுறதுக்குப் பயமில்ல எனக்கு. கண்ணாடிக்கு அங்குட்டுக் கெடக்குறதுக்குத்தான் பயம்."

சொல்லி முடிக்கும்போதுதான் எனக்கே அது தெரிந்தது. அதுவரை அவரைப் பிடிவாதக்காரி என்றுதான் நினைத்திருந்தேன்.

"ஆமாத்தா, இதான்" என்றார்.

நான் அப்போதும் மனம் மாறவில்லை. ஆபரேஷன் செய்திருக்க வேண்டும் என்பதுதான் இந்த நிமிஷம் வரை என் எண்ணம். அதை அவரிடமே சொன்னேன். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். மாத்திரையை ஒரு வேளைகூட அவர் விடக்கூடாது. மாதம் ஒருமுறை காரைக்குடி டாக்டரிடம் என்னோடு வர வேண்டும். அன்றைக்கு ஒரே ஒரு தடவை நான் கேட்கலாம், அவர் பதில் சொல்லலாம்.

ஒன்பது மாதம், ஒன்பது தடவை கேட்டேன்.

"மதுரைக்குப் போவமா மதினி?"

"மாட்டேன்த்தா."

அவ்வளவுதான். அப்புறம் பஸ் வரும்வரை வேறு ஏதாவது ஊர்க்கதை பேசுவோம்.

செல்வம் அன்று மத்தியானம் வந்து சேர்ந்தார். அழுது முடித்தபிறகு என்னிடம் வந்து, "சண்டை போட்டாவது கூட்டிட்டுப் போயிருக்கலாமே அத்தே, ஒங்க பேச்சக் கேட்டிருப்பாகளே" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் நான் பயந்துகொண்டிருந்த கேள்வியே அதுதான்.

"சண்டை போடத்தான் மாப்ளே போனேன்" என்று நடந்ததை எல்லாம் சொன்னேன். கண்ணாடியைப் பற்றியும் சொன்னேன். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "போன வாரம் போன்ல அம்மா சொன்னாக. ராக்கு மாசாமாசம் கேக்குறாடா, அவ சொல்றதும் சரிதான், நான்தான் மாட்டேங்குறேன். மாட்டேன்னு சொன்ன பெறகும் பஸ்ஸுல எனக்குத்தான் சன்னலோரம் எடம் விடுறா அப்புடின்னாக."

அதைக் கேட்டதும் என் நெஞ்சிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது. நான் சொன்னதில் நியாயம் உண்டு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் பக்கத்து நியாயம் எனக்கும் தெரியும். மன்னிப்புக் கேட்கவோ திருப்பி வாங்கவோ எங்களுக்குள் ஒரு வார்த்தையும் மிச்சம் இல்லை. செல்வம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தூக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. எங்கள் ஊரில் பெண்கள் தெருமுனை வரைதான் போவோம். அந்த முனையில்தான் தினமும் வேலை முடிந்து நாங்கள் இருவரும் பிரிவது வழக்கம். அவர் கண்மாய்க்கரைப் பக்கம் போவார், நான் கோயில் பக்கம் திரும்புவேன். அன்றைக்கும் அவர் கண்மாய்க்கரைப் பக்கம்தான் போனார். கையெடுத்துக் கும்பிட்டு நின்ற நான், என்னை அறியாமல், "வாரேன் மதினி" என்று சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருவர் என் கையை இழுத்தார். "எழவு வீட்டுல வாரேன்னு சொல்லலாமா ராக்கு? ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்குறவ நீ."

அவர் சொன்னது சரிதான். சாத்திரம் எனக்கும் தெரியும். தலையாட்டிக்கொண்டேன். சொன்னதைத் திருத்தவில்லை.