பல்லால் திறந்த கத்தி

எனக்கு மூக்குநுனியில் கோபம் என்பார்கள். பொய்யில்லை. கத்தியிருக்கிறேன், சாமானைத் தூக்கி எறிந்திருக்கிறேன், இரண்டு முதலாளிகளிடம் சண்டை போட்டு வேலையை விட்டிருக்கிறேன். ஆனால் என் வாழ்நாளில் நான் செய்ததிலேயே மோசமான காரியத்தைக் கொஞ்சமும் சத்தமில்லாமல்தான் செய்தேன். ஒரு மடக்குக் கத்தியைத் தரையில் வைத்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். ஒரகடம் பக்கத்து ஊர்களில் கிணற்றுக்குக் கிணறு மின்மோட்டார் வந்துகொண்டிருந்தது. நான் ஒரு காண்டிராக்டரிடம் வயர்மேன். என்னோடு ஜோடியாக வேலை செய்தவர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு பேரும் சைக்கிளில் ஏணியைக் கட்டிக்கொண்டு போவோம். மோட்டார் கொட்டகைக்குள் வயர் இழுத்து, மெயின் போர்டு மாட்டி, தண்ணீர் கொட்டுவதைக் காட்டிவிட்டு வந்தால் அன்றைய வேலை முடிந்தது.

வயர்மேனுக்கு மடக்குக் கத்தி இல்லாமல் ஒரு வேலையும் ஓடாது. வயரின் மேல்தோலைச் சீவுவது, சணலை அறுப்பது, மத்தியானம் வெங்காயம் நறுக்குவது எல்லாம் அதில்தான். அதைத் திறப்பதில் ஆளுக்கொரு வழி இருந்தது. நான் இடது கையில் பிடியை இறுக்கிக்கொண்டு, அலகில் இருக்கிற சின்னப் பள்ளத்தில் வலது கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து இழுப்பேன். பாதி தூரம் வரை உள்ளே இருக்கிற ஸ்பிரிங் முரண்டு பிடிக்கும். பாதி தாண்டிவிட்டால் தானே ஓடி டக்கென்று நிற்கும். எங்கள் காண்டிராக்டர் நகத்தைக் கடித்துக் கடித்தே தீர்த்தவர். அவர் ஐந்து பைசா நாணயத்தைச் செருகி நெம்புவார். மழைக்காலத்தில் துரு ஏறி இறுகிவிட்டால் நாங்களும் அவரிடம் அந்த நாணயத்தைக் கேட்டு நிற்போம்.

அண்ணனுக்கு ஒரு கை போதும். வலது கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அலகின் முதுகை மட்டும் இடுக்கிப் பிடித்து மணிக்கட்டை ஓர் உதறு உதறுவார். பிடி தன் கனத்திலேயே கீழே விழுந்து விரியும். விழுகிற பிடியை மற்ற மூன்று விரல்களும் வாங்கிக்கொள்ளும். ஏணியில் இடது கையால் தொற்றிக்கொண்டு, கத்தியைத் திரும்பியும் பார்க்காமல் இதைச் செய்வார். மூடும்போது அலகின் முதுகைத் தொடையில் வைத்து ஓர் அழுத்து. அலகு உள்ளே வரும் நேரத்துக்குச் சரியாக விரல்கள் விலகியிருக்கும். நானும் பழகிப் பார்த்தேன். இரண்டு தடவை முழங்காலில் குத்திக்கொண்டதோடு அந்த ஆசை விட்டது.

"உனுக்கு அவசரம்டா. கத்திகிட்ட அவசரம் ஆவாது" என்று சிரிப்பார்.

கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கீழே வைத்துத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சண்டை வரும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. ஏணி மேல் நிற்கிறவனுக்குக் கீழே எங்கே வைப்பது? நாங்கள் அதையெல்லாம் பார்த்ததே இல்லை. எங்களுக்குள் சண்டை வந்தால் அது என் வாயால் வந்ததாக இருக்கும். டீ கூட ஒரே கிளாஸில் ஆளுக்குப் பாதி.

நாங்கள் சேர்ந்து வேலை செய்த நாலாவது வருஷம் வெயில் காலத்தில் அவர் கத்தியைப் பல்லால் கடித்துத் திறக்க ஆரம்பித்தார். நான் சும்மா இருப்பேனா?

"இன்னாணா, கைக்கு லீவு குட்த்துட்டியா?"

"நகம் ஒடஞ்சி போச்சிடா."

"நீ எப்பணா நகத்தால தெறந்த?"

வழக்கமாக என் வம்புக்குப் பதில் வம்பு வரும். அன்று அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். அதற்குப் பிறகு கொஞ்சம் கவனிக்க ஆரம்பித்தேன். ஸ்க்ரூ அவர் விரலிலிருந்து அடிக்கடி நழுவியது. சட்டைப் பையில் கைவிட்டு பீடியைத் துழாவுகிறவர், வெளியே எடுத்து கண்ணால் பார்த்த பிறகுதான் அது பீடியா தீக்குச்சியா என்று தெரிந்துகொண்டார். வயசானால் கண்ணுக்குச் சாளேஸ்வரம் வருவது போல கைக்கும் ஏதோ வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு அப்போது முப்பத்தைந்து கூட இல்லை.

குன்றத்தூர் பக்கம் ஓர் ஊரில் மெயின் போர்டு மாட்டிக்கொண்டிருந்தோம். அவர் வேலையை முடித்து, கத்தியைத் தொடையில் அழுத்தி மூடி பையில் போட்டுக்கொண்டார். பிறகு பீங்கான் பியூஸ் கட்டையில் படிந்த தூசியைக் கையால் துடைத்தார். வெள்ளைப் பீங்கானில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. மறுபடி துடைத்தார், இன்னொரு கோடு.

"டேய், ரத்தம் வருது பாரு. எங்கடா அறுத்துக்கின?" என்று என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ரத்தம் அவருடைய சுண்டுவிரலிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கத்தியை மூடும்போது விரல் விலகவில்லை. ஆழமான வெட்டு. நான் காட்டுகிற வரைக்கும் அவருக்குத் தெரியாது. காட்டிய பிறகும் அவர் முகத்தில் வலி இல்லை. பயம்தான் இருந்தது.

செங்கல்பட்டு ஜில்லாவில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இது புரிந்திருக்கும். வருஷத்துக்கு ஒரு முறை ஆரோக்கிய ஆபீசர் வந்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, கோழி இறகால் அங்கங்கே தொடுவார். தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். காட்ட முடியாத பையனை அடுத்த வாரம் வகுப்பில் பார்க்க முடியாது. தொழுநோயைப் பெருவியாதி என்று மெதுவான குரலில் பேசிக்கொள்வார்கள். நான் அண்ணனின் விரலில் துணி சுற்றும்போது சட்டைக் கை மேலே ஏறி, முழங்கைக்குக் கீழே வெளிறிப்போன ஒரு தேமல் தெரிந்தது. அவர் கையை இழுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தோல் உரிகிற மாதிரி கையைத் தேய்த்துக் கழுவினேன். எங்களுக்கு அப்போது ஏழு மாதக் குழந்தை இருந்தது. அதைத் தூக்கவில்லை. நான் பயந்தேன். அதற்கு நல்ல பெயர் எதுவும் கொடுத்து மழுப்ப எனக்கு இஷ்டமில்லை.

மறுநாள் அவர் கத்தியை மறந்துவிட்டு வந்திருந்தார். ஏணியில் ஏறுவதற்கு முன்னால் பக்கத்தில் நின்ற என்னிடம், "கத்திய குட்ரா" என்று கையை நீட்டினார். நான் என் கத்தியை மடக்கி அவர் கால் பக்கத்தில், சிமெண்டுத் தரையில் வைத்தேன். அவர் கத்தியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எட்த்துக்கணா. கைல குட்த்தா சண்ட வரும்னு சொல்லுவாங்க" என்றேன்.

"சரிதான்" என்றார்.

இரண்டு முறை குனிந்து எடுக்கப் பார்த்தார். இரண்டு முறையும் கத்தி விரல்களுக்கிடையில் நிற்காமல் வழுக்கியது. கடைசியில் அதைச் சுவர் ஓரம் வரை தள்ளிக்கொண்டு போய் இடது கையால் எடுத்தார். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று டீ வந்தபோது தனக்கு வேண்டாம் என்றார். அடுத்த நாள் வேலைக்கு வரவில்லை.

நாலு நாள் பார்த்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு பெண் குழந்தைகள் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தன.

"இன்னா தம்பி, நீ இங்க வந்து கீற? அவரு காலைலயே வேலைக்குப் போய்ட்டாரே" என்றார்.

நான் முழித்தேன். அந்த அம்மாளுக்கு என் முழியே போதுமானதாக இருந்தது. உள்ளதைக் கொட்டிவிட்டார்.

"நாலஞ்சி நாளா தனித் தட்டு, தனிப் பாய் தம்பி. கொயந்தைங்கள கிட்டவே சேக்க மாட்டன்றாரு. நேத்து தொவைக்கச் சொல்லோ சட்டப் பைல அட்ட டிக்கெட்டு மூணு கெடக்குது. சிங்கப்பெருமாள் கோவில்லேந்து செங்கல்பட்டுக்கு. போன டிக்கெட்ட அங்க வாங்கிக்குவாங்களே, இது எப்டி வூட்டுக்கு வந்துச்சின்னு கேட்டா வாயே தெறக்கல."

எனக்குப் புரிந்தது. செங்கல்பட்டுக்கு அப்பால் அந்த வியாதிக்கு ஓர் ஆஸ்பத்திரி உண்டு.

அடுத்த நாள் காலையில் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் கடைசி பெஞ்சில் அவரைப் பிடித்தேன். என் கண் முன்னாலேயே ஒரு ரயில் வந்து நின்று கிளம்பிப் போனது. அவர் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"டிக்கெட்டு எட்த்துகினு தெனம் ரயிலு வேடிக்க பாக்க வர்றியாணா?"

அவர் திடுக்கிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்த என்னிடமிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார்.

"போனா பேரு எயுதிப்பாங்கடா. வூட்டாண்ட ஆளு வரும். ஊருக்கே தெரிஞ்சிடும். ரெண்டு பொண்ணு வச்சிகினு கீறேன்."

"போவலன்னா வெரலு போய்டும்ணா. அப்பறம் எவனும் பேரு எயுத வாணாம், கையப் பாத்தே தெரிஞ்சிப்பான்."

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டுக்காயத்தில் சுற்றின துணி அழுக்காகியிருந்தது.

"அன்னிக்கி கத்திய கீய வெச்சன்..." என்று ஆரம்பித்தேன்.

"வுட்றா. நானா இருந்தாலும் அத்தான் செஞ்சிருப்பேன்."

அவர் செய்திருக்க மாட்டார். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அடுத்த ரயில் வந்ததும் அவர் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினேன். என்னிடம் டிக்கெட் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். அண்ணனின் முழங்கையை அழுத்திப் பார்த்தார், பஞ்சுத் திரியால் விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தார். ஒரு காகிதத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொள்ளச் சொல்லி இழுத்தார். தடையே இல்லாமல் உருவிக்கொண்டு வந்தது. எப்போது முதல் என்று கேட்டதற்கு, கத்தி திறக்க முடியாமல் போன நாளிலிருந்து என்றார் அண்ணன்.

"போன உணர்ச்சி திரும்பி வருமான்னு என்னால சொல்ல முடியாது. விரலைக் காப்பாத்தலாம். மாத்திரையை வருஷக்கணக்கா விடாம சாப்பிடணும். வேலைக்குப் போகலாம். எதைத் தொட்டாலும் முதல்ல கண்ணால பாருங்க" என்றார் டாக்டரம்மா.

அதற்குப் பிறகு நாங்கள் பதினான்கு வருஷம் சேர்ந்து வேலை செய்தோம். அண்ணன் கத்திப் பிடியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு இடது கை நகத்தால் திறக்கப் பழகிக்கொண்டார். மூடும்போது ஒவ்வொரு விரலாகக் கண்ணால் பார்த்துவிட்டு, அப்புறம்தான் அழுத்துவார். டக்கென்று சத்தம் கேட்கும் வரை நான் வாயைத் திறக்க மாட்டேன். நான் அப்படிச் சும்மா இருந்த நேரங்கள் என் வாழ்க்கையில் அவைதான். இரண்டு விரல்கள் மடங்கியே நின்றுவிட்டன. ஒன்றும் போகவில்லை.

ஆனால் அன்று அந்த அறையில் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. டாக்டரம்மா சொன்னதையெல்லாம் அண்ணன் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைக் காட்டினார்.

"என்னிது இருக்கட்டும்மா. இவனப் பாருங்க. நாலு வருசமா எங்கூட ஒரே கிளாஸ்ல டீ குட்சவன்."

சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். தொடும்போது சொல்லு என்றார் டாக்டரம்மா. காத்திருந்தேன். அவர் இன்னும் தொடவில்லையா, தொட்டும் எனக்குத் தெரியவில்லையா? நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. இத்தனை மாதம் அந்த மனிதர் தனியாக எதைச் சுமந்துகொண்டு ஏணி ஏறி இறங்கினார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறகு சுண்டுவிரல் நுனியில் பஞ்சு பட்டது. இங்கே என்றேன். முழங்கையில் பட்டது. இங்கே என்றேன். முதுகில், கன்னத்தில், எல்லா இடத்திலும் சொன்னேன்.

"இவருக்கு ஒண்ணும் இல்லை" என்றார் டாக்டரம்மா.

கண்ணைத் திறந்தபோது அண்ணன் துணி சுற்றிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தன் வியாதியைக் கேட்டு அழாதவர் அப்போது அழுதார்.

"அப்ப இவன் கொயந்தைக்கும் ஒண்ணும் இருக்காது இல்லம்மா?" என்று கேட்டார்.

தன் இரண்டு பெண்களைப் பற்றி அதற்குப் பிறகுதான் கேட்டார்.