மாப்பிள்ளையை யார் நீக்குவது?

என் சித்தி பேருந்து சீட்டுகளுக்கு உறை தைப்பவள். நீங்கள் வாயைப் பிளந்து தூங்கிய சீட்டாகக்கூட இருக்கலாம். கிழிந்தால் அது சித்தியின் மெஷினுக்குத்தான் வரும். ரெக்சின் தைக்கும் ஊசி தடிமனானது. ஒருமுறை அவள் விரலுக்குள்ளேயே இறங்கிவிட்டது. "ஸ்..." என்றாள், அவ்வளவுதான். அப்படிப்பட்டவளை ஒரு செல்போன் அழவைத்தது.

சித்தியும் சித்தப்பாவும் பிரிந்துவிட்டார்கள். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. கட்டில், பீரோ எல்லாவற்றையும் "நீங்களே வச்சுக்கங்க" என்று விட்டுவிட்டு வந்தவள், மகளை மட்டும் கேட்டாள். நாங்கள் குட்டி என்று கூப்பிடும் அந்த ஆறு வயது மகளைத்தான் சித்தப்பாவும் கேட்டார்.

சித்தியின் வக்கீலக்கா முதல் நாளே சொல்லியிருந்தார்: "ஃபேஸ்புக், ஸ்டேட்டஸ், ரீல்ஸ், எதுலயும் வாயைத் திறக்காதீங்க. கேஸ் முடியற வரைக்கும் உங்க போனுக்குப் பத்தியம்."

சித்தி பத்தியத்தில் உறுதியாக இருந்தாள். "சிலருக்குக் குடும்பத்தைவிட வேலைதான் முக்கியம்" என்று சித்தப்பா சோகமாகப் போட்ட ஸ்டேட்டஸையும் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாள். எனக்குத்தான் கை அரித்தது.

ஆனால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவை அந்தக் கணக்கில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு அது வீட்டின் இன்னொரு கூடம். மூட்டுவலி மருந்து, பல் விழுந்த பிள்ளையின் படம், பதில் வராத கேள்விகள். பெரியம்மாதான் அட்மின். அந்தக் கூடத்தின் மூலையில் சித்தப்பாவும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"வீட்டு மாப்பிள்ளையைப் போய் எப்படிடி நீக்கறது? மரியாதையா இருக்குமா?" என்பாள் பெரியம்மா.

பள்ளி விடுமுறை. வேறு வழியில்லாமல் சித்தி குட்டியைத் தையல் கடைக்கே கூட்டிப் போயிருந்தாள். சீட்டுகள் கூரை வரை குவிந்து கிடந்தன. குட்டியோ மெஷினுக்கு அடியில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். சித்தி போனை எடுத்து, குழுவுக்குக் குரலில் ஒரு செய்தி அனுப்பினாள்: "ஐயோ, இந்த வாலை யாராவது தூக்கிட்டுப் போங்களேன்! ஒரேயடியா வச்சுக்கிட்டாலும் எனக்குச் சந்தோஷம்தான்!"

எல்லோரும் சிரிக்கும் பொம்மைகளாக அனுப்பித் தள்ளினார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. எடுத்து வைத்துக்கொண்டார்.

அடுத்த வாய்தாவில் அது கோர்ட்டுக்குப் போனது. குழந்தை வேண்டாமென்று தாயே தன் வாயால் சொல்லியிருக்கிறாராம். சித்தி கடைக்கு வந்து, வெட்டுமேசை மேல் உட்கார்ந்து அழுதாள்; நானும் கூடவே இருந்தேன். வக்கீலக்காவுக்குப் போன் செய்து, "அதை அழிச்சுடவா?" என்று கேட்டாள்.

"தொடவே தொடாதீங்க! எதையோ மறைக்கிறீங்கன்னு ஆயிடும்."

நான் என் திட்டத்தை அவிழ்த்தேன். "சித்தி, அழகான பொண்ணு படத்தை வச்சு ஒரு பொய் அக்கவுன்ட் தொடங்கறேன். சித்தப்பாவுக்கு ஒரு 'ஹாய்' போட்டாப் போதும், மனுஷன் வழிவாரு. அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து..."

சித்தி மூக்கைத் துடைத்தாள். "அடியே, அந்தப் போனை இங்க கொடு."

"எதுக்கு?"

"கேஸ் முடியட்டும், தரேன்."

"எனக்கா விவாகரத்து?"

"உன் வாய்க்கு அதுவும் நடக்கும். கொடுடி. குட்டி பெரியவளாகி ஒருநாள் இதையெல்லாம் படிப்பா. நம்ம பக்கத்துல இருந்து ஒரு அசிங்கமும் அதுல இருக்கக் கூடாது."

கொடுத்தேன். அவள் முகம் அப்படி இருந்தது.

சித்தப்பா கோர்ட்டில் கொடுத்தது செய்தியின் முதல் பாதியைத்தான். பேசி முடித்த சித்தி பட்டனிலிருந்து விரலை எடுக்க மறந்திருந்தாள், மீதியும் பதிவாகியிருந்தது. ஆனால் அதில் ஒரு சிக்கல். "முழுசாப் போட்டா குழந்தை மெஷின்கிட்ட இருந்ததும் தெரிஞ்சுடும். உங்களுக்கே எதிராத் திரும்பலாம்," என்றார் வக்கீலக்கா.

"போடுங்க. அவர் பாதி பேசட்டும். நான் முழுசாப் பேசறேன்."

கோர்ட்டுக்குள்ளே நடந்ததை வக்கீலக்கா பிறகு சொன்னார். மீதிப் பாதியில் குட்டி, "நான் போக மாட்டேன்! உன் காலையே கட்டிக்கிட்டு இருப்பேன்!" என்கிறாள். சித்தியின் குரல்: "கட்டிக்கோ தங்கம். பெடல்ல இருந்து மட்டும் கையை எடு, ஊசி இறங்கிடும்."

நீதிபதியம்மா நிமிர்ந்தாராம். "குழந்தை மெஷினுக்கு அடியிலயா இருந்துச்சு?"

"ஆமாங்க. பார்த்துக்க ஆள் இல்ல. ஆனாலும் அது தப்புதான். இனிமே அங்க இருக்க மாட்டா."

கடைசியில் வந்த உத்தரவு இதுதான்: தீர்ப்பு வரும்வரை குட்டி அம்மாவிடமே இருக்கலாம். ஆனால் சித்தி வேலை செய்யும்போது வீட்டில் ஒரு பெரியவர் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி யோசிப்பார்களாம்.

சித்தி கோர்ட்டிலிருந்து நேராகப் பெரியம்மா வீட்டுக்குப் போனாள். "அக்கா, அவரைக் குழுவுல இருந்து எடு."

"இன்னும் தீர்ப்பு வரலையேடி. ஒரு வார்த்தை சொல்லாம எப்படி..."

"சரி, அவர் இருக்கட்டும். நான் போறேன்."

அங்கேயே நின்று, பெரியம்மாவின் கண்முன்னால் குழுவிலிருந்து வெளியேறினாள். சொந்தக்காரர்கள் மத்தியில் இது செருப்பை மாட்டிக்கொண்டு நடுவிருந்தில் எழுந்து போவதற்குச் சமம். பெரியம்மா நாலு நாள் பேசவில்லை. குட்டியைப் பார்த்துக்கொள்ளப் பெரியவர் யாரும் இல்லாமல் சித்தியும் அந்த நாலு நாள் கடைக்குப் போகவில்லை.

பிறகு வேர்த்து விறுவிறுத்து வந்து சித்தி வீட்டு வாசலில் நின்றாள். "ஒரு சேதி சொல்றதுக்கு ரெண்டு பஸ் மாறி வரணுமாடி? இது என்ன கொழுப்பு?"

"சேதி என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. நீ சாப்பிட்டியான்னு கேட்க வந்தேன்."

சித்தி கடைக்குக் கிளம்பக் கைப்பையைத் தோளில் மாட்டினாள். "சாப்பிட்டேன். குட்டி உள்ள தூங்கறா, எழுந்தா பால் கொடு. லீவு முடியற வரைக்கும் தினமும் வந்துடு."

"ஏய், நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?"

சித்தி அதற்குள் படியிறங்கிவிட்டாள். பெரியம்மா என்னைப் பார்த்து முறைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப்போட்டு உள்ளே போனாள்.