முதுகில் பத்து எண்கள்

எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் காலை ரயில் கிளம்பும்போது பெட்டிகளை எண்ணுவது என் வழக்கம். அன்று மூன்றுக்கு மேல் எண்ண வரவில்லை. டீக்கடைக்காரர் என் வாயில் சர்க்கரையைப் போட்ட பிறகுதான் நான்கு திரும்பி வந்தது. இருபத்திரண்டு வருடமாக இன்சுலின் போடுகிறேன். சர்க்கரை இறங்கினால் வேர்க்க வேண்டும், நடுங்க வேண்டும். எனக்கு இப்போது இரண்டும் வருவதில்லை.

பெங்களூரிலிருந்து மகள் வந்து என் இடது மேல்கையில் சர்க்கரை அளக்கும் சென்சார் ஒட்டினாள். நாணயம் அளவு வட்டம், பதினான்கு நாள் உழைக்கும். சர்க்கரை இறங்கினால் என் போனும் அலறும், அவள் போனும் அலறும்.

"இது கையில இருக்கற வரைக்கும் நீங்களும் அம்மாவும் இங்கயே இருங்கப்பா. இல்லன்னா என்கூட வந்துடணும்."

அவள் வீடு பதினோராவது மாடியில்.

முதல் நான்கு சென்சாரில் ஒன்றுமில்லை. ஐந்தாவதில் ஆறாம் நாள் அரித்தது. அடுத்ததில் மூன்றாம் நாளே. கழற்றினால் சிவந்த வட்டம், அதற்குள் பதினேழு கொப்புளங்கள். மகளின் வீடியோ காலில் முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்தேன்.

நான்கு முறை சும்மா இருந்த தோல் ஐந்தாம் முறை ஏன் கோபிக்கிறது? ஊரை விட்டுப் போகவேண்டுமே என்ற பயத்தை விட இந்தக் கேள்வி பெரிதாகிவிட்டது. சோப்பை மாற்றினேன். எண்ணெயை நிறுத்தினேன். சென்சாரின் பிளாஸ்திரி ஓரத்தை வெட்டித் தொடையில் ஒட்டி நான்கு நாள் பார்த்தேன். ஒன்றுமில்லை.

ராபர்ட்சன்பேட்டை தோல் டாக்டரம்மா ஒரு வியாழக்கிழமை என் முதுகில் அலர்ஜி தரக்கூடிய பத்துப் பொருள்களைத் துளித்துளியாக வைத்து ஒட்டினார், பக்கத்தில் பேனாவால் எண் போட்டார். திங்கள் வரை குளியல் இல்லை. எந்த எண்ணில் என்ன பொருள் என்று சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. சுரங்கத்தில், கல்லில் தங்கம் எவ்வளவு என்று சோதிக்கும் ஆபீஸில் இருந்தவன் நான். பைகள் வெறும் எண்ணோடுதான் வரும். சுரங்கத்தின் எந்த ஆழத்துக் கல் என்று தெரிந்தால் கை ஆசைப்பட்ட பக்கம் சாய்ந்துவிடும்.

சனிக்கிழமை டாக்டரம்மா பிளாஸ்திரிகளை எடுத்துவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் பாக்கணும் சார்" என்றார். ஆனால் என் முதுகை நானே எப்படிப் பார்ப்பது? சர்ச்சில் ஞாயிறு பூசைக்குக் கிளம்பிய மனைவியை நிறுத்தினேன்.

"இன்னாங்க, இந்த வாசனையோட கோயிலுக்கு வந்தா பக்கத்து பெஞ்சு காலி."

"அது கெடக்கட்டும். ஏழு எப்படி கீது பாரு."

"செவந்துகீது."

"எவ்ளோ?"

"கோவம் வந்தா உங்க மூக்கு எப்படி இருக்கும், அப்படி."

"எட்டு?"

"சும்மா கீது. நில்லுங்க, பத்து வரைக்கும் எனக்கும் எண்ணத் தெரியும்." எண்ணி முடித்தவள் சட்டையை இறக்கிவிட்டாள். "பெங்களூரு போய்ட்டா கோயில் பாட்டுக் கொயர்ல என் இடத்துல யாருங்க பாடுவாங்க?"

காலண்டரில் 'ஏழு' என்று குறித்து வைத்தேன்.

திங்களன்று டாக்டரம்மா ஏழாம் எண் இடத்தைத் தடவிப் பார்த்தார். தடித்திருந்தது.

"இது பசையில வர்ற ஒரு பொருள் சார். சென்சாரோட பிளாஸ்டிக்க உள்ள ஒட்டறதுக்குப் போடறது. கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு தோலுக்கு வந்துடும்."

நான் வெட்டியது ஓரத்தை. குற்றவாளி நடுவில் இருந்திருக்கிறான். மாதிரி எடுத்த இடமே தப்பு.

"நாலு தடவ சும்மா இருந்துதேம்மா?"

"தோல் அதை அடையாளம் கத்துக்க நாளாகும். கத்துக்கிட்டா மறக்காது."

"அப்ப இனிமே சென்சாரே கூடாதா?"

"அந்தப் பொருள் இல்லாத வேற கம்பெனி சென்சார் இருக்கு. போட்டுப் பாருங்க."

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வெயில் காலத்துல முழுக்கை சட்டை போட்டப்பவே நினைச்சேன். சரி, பாக்கலாம்" என்றாள்.

புதியதை வலது கையில் ஒட்டினோம். முதல் நான்கும் சும்மா இருந்தன. அதை நான் நம்பவில்லை, பழையதும் அப்படித்தான் இருந்தது. இன்று ஐந்தாவதில் ஆறாம் நாள். காலையில் மனைவியிடம் கையைத் தூக்கிக் காட்டினேன்.

"இன்னா கலர்?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓரம், நடு எல்லாம் பார்த்தாள்.

"உங்க கலர்தான். போங்க, போய் ரயில எண்ணுங்க."