நான்கு மாதம் விடாமல் ஏற்றிய விளக்கு

முழு மாரத்தானுக்குப் பயிற்சி எடுத்த நான்கு மாதங்களில் எனக்கு ஐந்து முறை சளி பிடித்தது. வாய்ப்புண் வேறு. ஒரு நாளிதழுக்காகக் கும்மிடிப்பூண்டி ஆலைப் பகுதியில் செய்தி சேகரித்து வந்ததால், பழியைப் புகைமேல் போட்டேன். அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாமா என்றுகூட யோசித்தேன். அதே நான்கு மாதங்களில் மாதவிலக்கு ஒருமுறையும் வரவில்லை. இரண்டு தடவை கருவுற்றிருக்கிறேனா என்று சோதித்துப் பார்த்தேன், இல்லை. ஞாயிறுதோறும் முப்பது கிலோமீட்டர் ஓடுகிறவளுக்கு ஒரு தொல்லை விட்டது என்று இருந்துவிட்டேன்.

கவனித்தவர் என் மாமியார். பொன்னேரியை ஒட்டிய எங்கள் வீட்டில் அந்த மூன்று நாட்கள் பெண்கள் சாமி விளக்கைத் தொடுவதில்லை. மற்ற நாட்களில் மாலை விளக்கேற்றுவது என் வேலை. நான்கு மாதமாக ஒருநாளும் நான் விளக்கை அவரிடம் விடவில்லை. கல்யாணமாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் வேறென்ன நினைப்பார்?

வாய்விட்டுக் கேட்கவில்லை. என் தட்டில் இரண்டு அவித்த முட்டைகள் வரத் தொடங்கின. பிறகு முருங்கைக்கீரை அடை, நெய். எடை கூடினால் வேகம் குறையும் என்று பாதியை ஒதுக்கினேன்.

ஒரு ஞாயிறு காலை ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது வாசல் கதவை மறித்து நின்றார்.

"எங்க கெளம்பிட்ட?"

"காட்டுப்பள்ளி ரோட்ல ஓடிட்டு வரேன் அத்தே."

"வயித்துல ஒண்ண வெச்சிக்கினு எவளாவது ஓடுவாளா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அத்தே. டெஸ்ட் பண்ணிட்டேன்."

"அப்ப நாலு மாசமா இன்னாதான் ஆச்சு உனுக்கு?"

அவர் கதவுக் கொக்கியைப் பிடித்தபடி நின்றார். அழவில்லை. "எதுத்த ஊட்ல சொல்லிட்டேனே" என்றார்.

அன்று நான் ஓடவில்லை. மறுநாள் பொன்னேரியில் ஒரு பெண் மருத்துவரிடம் இருவரும் போனோம். காலையில் என்ன சாப்பிட்டுவிட்டு ஓடுகிறேன் என்று மருத்துவர் கேட்டார்.

"பால் இல்லாத காபி."

"ஓடி முடிச்சப்புறம்?"

"குளிச்சிட்டு வேலைக்குக் கெளம்பிடுவேன். பதினோரு மணிக்கு நாஷ்டா."

"அதுவும் ரெண்டு இட்லி" என்றார் மாமியார். "நான் வெக்கிறதுல பாதிய கோழிக்குப் போடுறா டாக்டர்."

ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்தபின் மருத்துவர் விளக்கினார். நான் சாப்பிடுவது ஓட்டத்துக்கே போதவில்லை. சக்தி மிச்சமில்லாத உடம்பு மாதவிலக்கை நிறுத்தி வைத்திருக்கிறது. இப்படியே போனால் எலும்பும் பலவீனமாகும். அடிக்கடி சளி பிடிப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். குழந்தையைப் பற்றிய பேச்சு மாதவிலக்கு திரும்பிய பிறகுதான்.

"ஓடறத உட்டுடச் சொல்லுங்க" என்றார் மாமியார்.

"விட வேணாம்மா. கொறைச்சிக்கட்டும். சாப்பிட்டுட்டு ஓடட்டும்."

பேருந்தில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். இனி முட்டை வராது என்று நினைத்தேன். அது எனக்காக வந்ததில்லையே. மறுநாள் விடிகாலை சமையலறை விளக்கு எரிந்தது. இரண்டு முட்டை, ஒரு வாழைப்பழம், பால் விட்ட காபி.

"இதையும் கோழிக்குப் போட்டேன்னு வெச்சிக்க, அப்பறம் தெரியும் சேதி."

தின்று முடிக்கும்வரை எதிரிலேயே நின்றார்.

தூரத்தைப் பாதியாகக் குறைத்தேன். அந்த ஆண்டு முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் இருந்தது, அவரிடம் காட்டவில்லை. அடுத்த மூன்று மாதங்களில் சளி ஒருமுறைதான் வந்தது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை மாதவிலக்கும் வந்தது. மூன்று ஆண்டுகளாக, இந்தச் செய்தியைச் சொல்லும் நாளெல்லாம் அவர் பேச்சு குறைந்துவிடும். பாத்திரங்களை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைப்பார். அதற்குத் தயாராகத்தான் சமையலறை வாசலில் நின்று சொன்னேன்.

"நெசமாவா?" என்றார். கையைப் புடவையில் துடைத்தார். "வலிக்குதா?"

"கொஞ்சம்."

"வலிக்கட்டும், வலிக்கட்டும்."

நான் குளிக்கப் போனேன். அவர் காட்டுப்பள்ளியில் காலை ஷிப்டில் இருந்த என் கணவருக்குப் போன் போட்டது குளியலறைக் கதவு வழியாகக் கேட்டது.

"நைனா, அவுளுக்கு வந்துடுச்சிடா." அந்தப் பக்கம் கணவர் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "இன்னா வந்துச்சா? ஊட்டுக்கு வா, சொல்றேன். வரும்போது முட்ட வாங்கினு வா."