மூடியோரக் குமிழி

ஆள் அரவமற்ற கடற்கரையில் மகளுக்கு மாட்டிய லைஃப் ஜாக்கெட் வெயிலில் சூடாகி வாசம் அடித்தது. சின்ன வயதில், மாநில எல்லையோர ஜூஜுவாடிப் பக்கம் எங்கள் ஏரியில், கம்பெனியிலிருந்து அப்பா கொண்டுவந்த காலி கெமிக்கல் கேனில், எத்தனை முறை கழுவினாலும் போகாமல் ஒட்டியிருந்த அதே வாசம். அந்தக் கேனைச் சேலைக் கிழிசலால் முதுகில் கட்டிக்கொண்டு, தமிழும் கன்னடமும் தெலுங்குமாகக் கத்திக்கொண்டு, கண்ணெரியும் தண்ணீரில் மதியமெல்லாம் மிதப்போம். கட்டுவதற்கு முன் கேனைத் தண்ணீரில் அமுக்கி, மூடியோரம் குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார் அப்பா. தம்பியின் கேனைப் பார்ப்பது என் வேலை.

"அக்கா, அமுக்கிப் பாத்தியா?"

"பாத்தாச்சு, போடா."

நான் பார்க்கவில்லை. தோழிகள் அதற்குள் வெகுதூரம் போயிருந்தார்கள். நடு ஏரியில் அவன் கேனுக்குள் தண்ணீர் ஏறியது. கேன் இல்லாமல் அவனுக்கு நீந்தத் தெரியாது.

ஏரியைத் தூர்த்துவிட்டார்கள். லாரிகள் நிற்கின்றன. அவன் மூழ்கிய இடம் எந்த லாரிக்கு அடியில் என்று இன்று என்னால் காட்ட முடியாது.

"பெல்ட்டு எல்லாம் பாத்தாச்சாம்மா?" என்றாள் மகள்.

மூன்று முறை இழுத்துப் பார்த்திருந்தேன். ஆனாலும் 'பாத்தாச்சு' என்று சொல்லாமல், முதல் பெல்ட்டிலிருந்து மறுபடி இழுத்துப் பார்த்தேன்.