ஏட்டு வீட்டுச் சத்தியம்

என் பெரியம்மா அன்னப்பூரணியின் வீட்டுக்கு ஊரில் ஏட்டு வீடு என்று பெயர். ஏடு என்றால் ஓலை ஏடு அல்ல, தோல் அட்டை போட்ட தடித்த புத்தகம். ஒல்லாந்தர் காலத்தில் மட்டக்களப்புக் கோட்டையில் வேலை பார்த்த எங்கள் முன்னோர் ஒருவருக்கு, சாகக் கிடந்த வெள்ளைக்காரன் ஒருவன் கொடுத்தது என்பார்கள். அவன் என்ன சொல்லிக் கொடுத்தானோ, இவர் என்ன விளங்கி வாங்கினாரோ, யார் கண்டது? வாங்கி வந்தவர் அதைச் செம்பட்டில் சுற்றிச் சாமியறையில் வைத்துவிட்டார். அன்று பிடித்தது இந்தச் சனியன்.

மாடு களவு போனாலும் வரம்பை வெட்டினாலும், வாவியோரத்து ஆட்கள் பொலிசுக்குப் போகமுன் ஏட்டு வீட்டுக்குத்தான் வருவார்கள். பட்டின்மேல் தட்டத்தை வைத்து, அதில் கற்பூரம் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவனை ஏடு கேட்கும், சும்மா விடாது. பட்டை அவிழ்த்து உள்ளே பார்க்க ஒருவருக்கும் நெஞ்சுரம் கிடையாது. வருடா வருடம் பழைய பட்டின் மேலேயே புதுப் பட்டைச் சுற்றுவார்கள். பெரியப்பா இராசதுரை இளம் வயதிலேயே போய்விட்டார். பெரியம்மா வயல் வேலை செய்து தவம் என்று கூப்பிடும் ஒரே மகன் தவேந்திரனை வளர்த்தார், வெள்ளிக்கு வெள்ளி ஏட்டுக்கு விளக்கும் வைத்தார்.

தொண்ணூறாம் ஆண்டு ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பு நடந்தது. ஆம்பிளைகளைக் கோயில் வளவுக்குள் கூட்டி, சாக்கால் தலையை மூடிய தலையாட்டி ஒருவனின் முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிட்டார்கள். தவேந்திரன் நடந்தபோது சாக்கு, இவன்தான் என்று ஆடியது. கொண்டுபோனார்கள். அவ்வளவுதான், எலும்புகூட மிஞ்சி வரவில்லை.

சாக்குக்குக் கீழே தெரிந்தது சீனித்தம்பியின் கால் என்று யாரோ கதையைக் கட்டிவிட்டார்கள். சீனித்தம்பி பெரியம்மாவின் அடுத்த வளவுக்காரர், வாவியில் வலை வீசிப் பிழைத்தவர். சுற்றிவளைப்புக்கு முதல் நாள் அவரை முகாமுக்குப் பிடித்துப் போயிருந்தார்கள். பிறகு உயிரோடு திரும்பி வந்தார். அவர் செய்த குற்றம் அதுதான்.

ஊர் வாயைத் தாங்க மாட்டாமல் அவராகவே ஏட்டு வீட்டுக்கு வந்தார். கற்பூரத்தை அடித்து அணைத்தார்.

"நான் தவத்தக் காட்டிக் குடுக்கல்ல. குடுத்திருந்தா இந்த ஏடு என்னைக் கேக்கட்டும்."

அந்த மாரியிலேயே வாவியில் தோணி கவிழ்ந்து சீனித்தம்பி செத்தார். அன்றைக்குப் பேய்க்காற்று. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? ஏடு கேட்டுவிட்டது என்றது ஊர். அதோடு அவருடைய மனைவி கண்ணம்மையும் செத்த மாதிரித்தான். கலியாணத்துக்குச் சொல்வதில்லை, செத்த வீட்டுக்குச் சொல்வதில்லை. கிணற்றடிக்கு அவள் வந்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகுவார்கள். பெரியம்மா தன் வேலிப் படலையைக் கம்பியால் கட்டினார். இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு முருங்கை மரம்தான், ஆனால் முப்பது வருடத்துக்கு மேலாகப் பேச்சில்லை.

மகனை விழுங்கியவர்கள் யாரென்று தெரியாமல் எத்தனையோ தாய்மார் அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தார்கள். பெரியம்மா அலையவில்லை. அவருக்குத்தான் தெரியுமே! அந்தக் கோபத்தில்தான் அவர் சோறு தின்றார், உயிரோடு கிடந்தார் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிரித்தால் சிரித்துவிட்டுப் போங்கள். பொழுது சாய்ந்து இருட்டும் மம்மல் நேரத்தில் பெரியம்மாவின் கொல்லைக்குப் பின்னால் வாவியில் வீச்சு வலை விழும் சத்தம் கேட்கும். ஈயக் குண்டுகள் சளாரென்று தண்ணீரில் விழும், பிறகு இழுபடும். பார்த்தால் தோணியும் இருக்காது, ஆளும் இருக்காது. மீன் துள்ளுகிறது என்று எனக்கு நானே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். பெரியம்மா மட்டும் முருங்கையடியில் நின்று, செத்தும் அவர் வேதனைப்பட வேண்டும் என்று நிதானமாகச் சொல்வார்:

"கிடந்து உத்தரிடா, சீனித்தம்பி."

போன மாரியில் கூரை ஒழுகிச் சாமியறை நனைந்துவிட்டது. "மனே, ஏடு நனைஞ்சிட்டுது, கெதியா வா" என்று எனக்கு அழைப்பு வந்தது. நான் வந்தாறுமூலைக் கம்பஸ் நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவன், நனைந்ததை உலர்த்தத் தெரியும். பெரியம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நான் பட்டுகளை ஒவ்வொன்றாக உரித்தேன். கடைசிப் பட்டு கையில் தூளாக உதிர்ந்தது. உள்ளே இங்கிலீஸ் எழுத்து மாதிரி, ஆனால் இங்கிலீஸ் இல்லை. முதல் பக்கத்தைப் போனில் படமெடுத்து, எங்கள் கம்பஸில் மெய்யியல் படிப்பிக்கும் கஜானி மெடத்துக்கு அனுப்பினேன். அடுத்த நாள் விடியவே ஸ்கூட்டியில் வந்து இறங்கிவிட்டார். ஈரப் பக்கங்களை ஒவ்வொன்றாக விரல் நுனியால் திருப்பிப் பார்த்தார்.

"இது லத்தீன் அம்மா. ஒரு தத்துவஞானி அச்சுக்குக் குடுக்காம வைச்ச எழுத்துகளச் சேர்த்த முதல் பதிப்பு. உலகத்திலயே கொஞ்சந்தான் மிஞ்சிக் கிடக்கு. அவர் செத்த பிறகு கூட்டாளிமார் பயந்து பயந்து அச்சடிச்சது. பாருங்க, பேரக்கூட முழுசாப் போடல்ல."

"பெரிய சாமியாராக்கும்" என்றார் பெரியம்மா.

"இல்லம்மா, அவர்ர சொந்த ஆக்களே அவரச் சபிச்சு விலக்கி வைச்சவங்க. ஒருத்தரும் கதைக்கக்கூடா, கிட்ட நிக்கக்கூடா எண்டு."

"அப்பிடி என்னத்த எழுதிப்போட்டாராம்?"

மெடத்துக்கு அது வகுப்பறை ஆகிவிட்டது. "கடவுளுக்குக் கோபமே இல்லையாம். ஒருத்தரையும் தண்டிக்கிறதும் இல்லையாம். காத்தும் மழையும் அதுகள்ர பாட்டில வருகுது, மனுசர்தான் பயத்தில அதுகளத் தண்டனை எண்டு நினைக்கிறாங்களாம்."

அடக் கடவுளே! இத்தனை தலைமுறையாக நாங்கள் கற்பூரம் அடித்தது இந்த மனிதருடைய தலையிலா? எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"அப்ப சீனித்தம்பியத் தண்ணிக்குள்ள தாட்டது ஆரு, புள்ள?"

மெடம் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார்.

"காத்து, பெரியம்மா" என்றேன். "காத்துத்தான்."

பெரியம்மா நிலத்தில் குந்திவிட்டார். புத்தகத்தைப் பாராமலே சொன்னார்: "இதக் கொண்டு போங்க. இனி இந்த வீட்டில ஒருத்தரும் சத்தியம் பண்ண வேண்டாம்."

மெடம் அதைக் கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு போனார். நான் போகவில்லை, பெரியம்மாவைத் தனியே விட எனக்கு மனம் வரவில்லை. அன்று அடுப்பு எரியவில்லை. பொழுது சாயும்போது அவர் எழுந்து போய்ப் படலைக் கம்பியை அவிழ்க்கத் தொடங்கினார். துரு ஏறிய கம்பி விரலைக் கிழித்தது. என்னைக் கிட்ட விடவில்லை.

கண்ணம்மை முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரியம்மாவைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டாள், தன் சொந்த முற்றத்தில்!

"கண்ணம்மை, ஏடு பொய். அது சாமி ஏடு இல்லையாம். ஆரோ ஒரு மனுசன் எழுதின பொத்தகமாம். அது ஒருத்தரையும் கேக்காதாம்."

திட்டுவாள், மண் அள்ளித் தூற்றுவாள் என்று நான் பயந்துகொண்டு நின்றேன். அவள் திட்டவில்லை. படம் எதுவும் இல்லாத தன் வீட்டுச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, நான் அவருக்கு ஒரு விளக்கும் வைக்கல்லயே."

"என்ன சொல்றாய்?"

"ஒரு திவசமும் குடுக்கல்ல. படத்தயும் கழட்டி அடுப்பில போட்டன். நானும் ஏட்டத்தானே நம்பினன் அக்கா. கடைசியாத் தோணி எடுக்கக்குள்ள கேட்டவர், 'நீயாவது என்னை நம்புறியா' எண்டு. 'அத ஏடு சொல்லட்டும்' எண்டனே!"

பெரியம்மா வாய் திறந்தார். "அப்ப எண்ட தவத்த ஆரு…" என்று தொடங்கினார், முடிக்கவில்லை. யாரிடம் கேட்பது? இவ்வளவு காலமும் வெறுக்க ஒருவன் இருந்தான். இப்போது அவனும் இல்லை. பெரியம்மா அழுது நான் கண்டது அன்றைக்குத்தான்.

மம்மலாகிவிட்டது. வாவியில் சளாரென்று வலை விழுந்தது. மூன்று பேருக்கும் கேட்டது. பெரியம்மாவின் உதடு அசைந்தது, ஆனால் வழக்கமான சொல் வரவில்லை.

கண்ணம்மை கரைக்கு ஓடினாள். முழங்கால் தண்ணீரில் நின்று, ஆளில்லாத வாவியைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்க, நான் நம்புறன். வலை வீசினது காணும், கரைக்கு வாங்க."

இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு வலை மறுபடியும் விழுந்தது, இன்னும் தூரத்தில்.